லேப் ஒத்துக்கொள்ளவில்லை, அதனால் தியரியா?

கேள்வி: கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு ஹட்டி எங்கள் ஊர். ஊட்டியில் பி.எஸ்சி. வேதியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். சின்ன வயதிலிருந்தே எனக்கு வீசிங் உண்டு. லேபில் அமோனியா பாட்டிலைத் திறந்தாலே இருமல் வந்துவிடுகிறது. சீனியர் அக்கா ஒருவர், ‘கம்ப்யூடேஷனல் கெமிஸ்ட்ரி எடுத்துக்கொள், லேபே வேண்டாம், கம்ப்யூட்டர் போதும்’ என்கிறார். எனக்குக் கணக்கு பிடிக்கும். ஆனால் இங்கே கணிதம் துணைப்பாடம் மட்டும்தான். வீட்டில் இருப்பது அண்ணனுக்குப் பள்ளியில் கொடுத்த அரசு லேப்டாப். அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை, ‘பி.எட். முடித்து டீச்சராகப் போ’ என்கிறார். எம்.எஸ்சி.யில் இதை எங்கே படிப்பது? வேலை கிடைக்குமா? இந்த லேப்டாப்பில் ஏதாவது செய்து பார்க்க முடியுமா?

— கோத்தகிரி வாசகி

பதில்: உங்கள் சீனியர் சொன்னது பாதி சரி. கம்ப்யூடேஷனல் கெமிஸ்ட்ரி, தமிழில் கணக்கீட்டு வேதியியல் என்பது மூலக்கூறுகளின் தன்மைகளைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கும் துறை. அதில் ஆராய்ச்சிக்குப் போன பிறகு லேப் தேவையில்லை என்பது உண்மைதான். ஆனால் அதற்கு முன்னால் எம்.எஸ்சி. என்று இரண்டு வருடம் இருக்கிறது. நம் நாட்டில் பெரும்பாலான இடங்களில் பட்டம் ‘எம்.எஸ்சி. வேதியியல்’ என்றுதான் இருக்கும். கரிம, கனிம, இயற்பிய செய்முறை மூன்றையும் எல்லோரும் செய்தாக வேண்டும். தியரி என்று நாங்கள் சுருக்கமாகச் சொல்லும் இந்தத் துறை அதற்குள் ஒன்றிரண்டு விருப்பப் பாடமாகவும் கடைசிப் பருவத்து புராஜெக்டாகவும்தான் வரும்.

ஆகவே முதலில் மூச்சைக் கவனியுங்கள். நெஞ்சுநோய் மருத்துவர் ஒருவரிடம் காட்டி, லேப் வேலையைப் பற்றியும் சொல்லுங்கள். உங்கள் ஆசிரியரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள். அடர் அமோனியாவையும் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் திறக்க வேண்டிய இடம், ஆவியை வெளியே இழுத்துவிடும் ஃப்யூம் ஹுட். வெறும் மேசையில் திறந்தால் வீசிங் இல்லாதவர்களுக்கும் இருமல் வரும். மருத்துவர் இன்ஹேலர் கொடுத்திருந்தால் அது லேப் கோட் பையில் இருக்கட்டும். இது சரியாகி, லேப் பழகிப்போன பிறகும் தியரி பிடிக்கிறதா? அப்படியென்றால் வாருங்கள். இருமலுக்காக மட்டும் வந்தால், இரண்டாம் வருடமே வேறு ஏதோ ஒன்று ஒத்துக்கொள்ளாமல் போகும்.

நான் ஊட்டிக்காரன். என் அப்பா இந்து நகர் பிலிம் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். இருட்டறையில் செய்யும் வேலையைப் பற்றி வீட்டில் நிறையப் பேசுவார். பிலிமில் இருக்கும் ஒரு வெள்ளி ஹாலைடு பரலின் மேல் ஒளி பட்டு, நாலைந்து வெள்ளி அணுக்கள் ஒன்று சேர்ந்தால் போதும், டெவலப்பரில் போடும்போது அந்தப் பரல் முழுவதும் கறுத்துவிடும். கோடிக்கணக்கான அயனிகள் உள்ள பரலுக்கு நாலைந்து அணுக்கள் எப்படித் தலைவிதி எழுதுகின்றன? கர்னி, மாட் என்ற இருவர் 1938-இல் இதற்கு ஒரு விளக்கம் கொடுத்திருந்தார்கள் என்பது கல்லூரிக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அந்தக் கேள்விதான் என்னைத் தியரிக்கு இழுத்து வந்தது. கம்ப்யூட்டரை நான் தொட்டதே அதற்கு வெகு நாள் கழித்துத்தான்.

உங்கள் வீட்டிலும் அதே மாதிரி ஒரு கேள்வி கிடக்கிறது. பச்சைக் கொழுந்தை நொறுக்கியதும் அதிலுள்ள நொதி, கேட்டகின்களைக் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்த்து தியாஃபிளேவினாக மாற்றுகிறது. டீயின் செம்மஞ்சள் நிறத்துக்கும் பளிச்சென்ற தோற்றத்துக்கும் அது முக்கியக் காரணம். கேட்டகினுக்கு நிறம் கிடையாது; இரண்டு கேட்டகின்கள் சேர்ந்து பிறந்ததற்கு மட்டும் நிறம் எங்கிருந்து வந்தது? தியாஃபிளேவினில் மொத்தம் 65 அணுக்கள். அதன் எலக்ட்ரான்கள் எந்த ஒளியை விழுங்குகின்றன என்று கணக்குப் போட்டுச் சொல்ல முடியும். இந்தத் துறையின் அன்றாட வேலை இந்த மாதிரி கேள்விகள்தான்.

இதில் கஷ்டம் எங்கே என்றும் சொல்லிவிடுகிறேன். எலக்ட்ரான்களின் நடத்தையைச் சொல்லும் அலைச் சமன்பாட்டை ஷ்ரோடிங்கர் 1926-இல் எழுதினார். அதன் விடைக்குப் பெயர் அலைச்சார்பு. மூன்று வருடம் கழித்து டிராக், வேதியியலுக்குத் தேவையான விதிகள் எல்லாம் தெரிந்துவிட்டன, சமன்பாடுகளைத் தீர்ப்பதுதான் முடியாத அளவுக்குச் சிக்கல் என்று எழுதினார். அந்தச் சிக்கலின் அளவைப் பார்க்க ஊட்டிக் கடைகளில் நீலகிரித் தைலத்துக்குப் பக்கத்தில் விற்கும் விண்டர்கிரீன் தைலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது பெரும்பாலும் மெத்தில் சாலிசிலேட். 19 அணுக்கள், 80 எலக்ட்ரான்கள். ஓர் எலக்ட்ரான் எங்கே இருக்கிறது என்று சொல்ல மூன்று எண்கள் வேண்டும், 80-க்கு 240. ஒவ்வோர் எண்ணுக்கும் வெறும் பத்துப் புள்ளிகளை மட்டும் வைத்து அலைச்சார்பை ஓர் அட்டவணையாக எழுதினால், 1-க்குப் பின்னால் 240 சுழியம் போட வேண்டிய அளவுக்குக் கட்டங்கள் வரும். நம் கண்ணுக்கு எட்டிய பிரபஞ்சத்தில் உள்ள அணுக்களையே 80 சுழியம் அளவில்தான் மதிப்பிடுகிறார்கள். ஒரு சின்னத் தைல மூலக்கூறுக்கு இந்தக் கதி.

ஆகவே இந்தத் துறை முழுவதும் ‘எதை விட்டால் பரவாயில்லை’ என்ற கலைதான். 1964, 65-இல் ஹோஹன்பெர்க், கோன், ஷாம் ஆகியோர் ஒரு வழி காட்டினார்கள். 240 எண்களைச் சார்ந்த அலைச்சார்பை விட்டுவிடுங்கள்; மூன்றே எண்களைச் சார்ந்த எலக்ட்ரான் அடர்த்தி போதும், அதற்குள் எல்லாத் தகவலும் இருக்கிறது என்றார்கள். இதைத்தான் டி.எஃப்.டி. (டென்சிட்டி ஃபங்ஷனல் தியரி) என்று எல்லோரும் சொல்கிறார்கள். அடர்த்தியிலிருந்து ஆற்றலுக்குப் போகும் சூத்திரத்தின் ஒரு பகுதி மட்டும் இன்றுவரை துல்லியமாகத் தெரியாது. அந்த ஓட்டையை எப்படி அடைப்பது என்பதில்தான் அறுபது வருடமாகச் சண்டை. 1998 வேதியியல் நோபல் பரிசை வால்டர் கோனும் ஜான் போப்புளும் பகிர்ந்துகொண்டார்கள். கோன் இயற்பியலர், போப்புள் கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். கணக்கு பிடிக்கும் என்று தயங்கித் தயங்கி எழுதியிருக்கிறீர்களே, அதற்காகச் சொல்கிறேன்.

துல்லியம் வேண்டும் என்றால் வேறு முறைகளும் உண்டு. தங்கத் தரம் என்று நாங்கள் சொல்லும் ஒரு முறையில், மூலக்கூறு இரண்டு மடங்கு பெரிதானால் கணக்கு 128 மடங்கு நீளும். ஒரு மணி நேரத்தில் முடிந்த வேலை ஐந்து நாளுக்கு மேல் இழுக்கும். கம்ப்யூட்டரை மட்டும் பெரிதாக்கி இதைச் சமாளிக்க முடியாது. எந்த மூலக்கூறுக்கு எந்த முறை போதும் என்று தெரிந்த ஆள் வேண்டும்.

கம்ப்யூட்டர் கைக்கு எட்டாத காலத்தில் நம் ஊரிலேயே நடந்த ஒரு வேலை இது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் 1963-இல் வெளியிட்ட வரைபடத்தை உங்கள் உயிர்வேதியியல் பாடத்தில் பார்த்திருப்பீர்கள். புரதச் சங்கிலியில் இரண்டு பிணைப்புகளைச் சுழற்றினால் எந்தெந்தக் கோணங்களில் அணுக்கள் ஒன்றோடொன்று இடிக்கும் என்பதுதான் கேள்வி. எலக்ட்ரான்களை அவர்கள் கணக்கிலேயே எடுக்கவில்லை. அணுக்களைக் கோலிக்குண்டு மாதிரி வைத்துக்கொண்டு, இடிக்கிற கோணங்களை ஒதுக்கி, மீதியை வரைந்தார்கள். இன்றைக்கும் புதிதாக ஒரு புரத அமைப்பைக் கண்டுபிடித்தால் அந்த வரைபடத்தில் வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள். எதை விடலாம் என்று தெரிந்தவர்கள் செய்த வேலை அது.

என் பக்கத்திலிருந்து ஒரு கூத்தையும் சொல்கிறேன். ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது ஓர் இரும்புச் சேர்மத்தைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தேன். எலக்ட்ரான்களின் ஸ்பின் நிலையை, அதாவது ஜோடி சேராத எலக்ட்ரான்களின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி, கொடுக்கிற இடத்தில் 6 என்று போடாமல் 2 என்று போட்டுவிட்டேன். புரோகிராம் ஒன்றும் முனகவில்லை. எட்டுத் தசம இடம் வரை ஆற்றலைக் கொடுத்தது, படமும் அழகாக வந்தது. இரண்டு மாதம் அதன் மேலேயே அடுத்தடுத்த கணக்குகளைக் கட்டிக்கொண்டு போனேன். பக்கத்து லேபில் அந்தச் சேர்மத்தைத் தயாரித்த தோழி ஒரு நாள் என் திரையை எட்டிப் பார்த்தாள். ‘இரும்பு–நைட்ரஜன் பிணைப்பு ஏன் இவ்வளவு குட்டையாக இருக்கிறது? இதன் காந்தத் திருப்புத்திறன் 5.9 போர் மேக்னெட்டான், தெரியுமல்லவா?’ என்றாள். 5.9 என்றால் ஐந்து எலக்ட்ரான்கள் ஜோடி சேராமல் இருக்கின்றன என்று இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. மாணவனுக்கே தெரியும். எனக்குத்தான் அன்றைக்குத் தெரியாமல் போனது. இரண்டு மாத வேலையும் குப்பைக்குப் போனது. அதிலிருந்து, நிறம், காந்தத்தன்மை, உருகுநிலை என்று லேபில் அளந்தது எதுவாவது கையில் இல்லாமல் நான் கணக்கைத் தொடங்குவதில்லை. லேபை நீங்கள் அடியோடு விட்டுவிடக் கூடாது என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

சரி, இது உங்களுக்கு ஒத்துவருமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? லேப்டாப்பைத் திறக்க வேண்டாம். ஒரு தாளும் பென்சிலும் எடுங்கள். பியூட்டாடையீனுக்கு, எலக்ட்ரான்களின் ஆற்றலைக் கையாலேயே கணக்கிட உதவும் எளிய ஹூக்கல் முறையில், நாலுக்கு நாலு அணிக்கோவையை எழுதி விரியுங்கள். எக்ஸின் நான்காம் படி, கழித்தல் மூன்று எக்ஸ் வர்க்கம், கூட்டல் ஒன்று, சமம் சுழியம் என்று வரும். அதைத் தீர்த்தால் 1.618, 0.618 என்ற இரண்டு எண்கள் கூட்டல், கழித்தல் குறிகளோடு கிடைக்கும். 1.618 எங்கேயோ பார்த்த எண்ணாக இருக்கிறதே என்று தோன்றினால் நல்லது. அது தங்க விகிதம். ஒரு ரப்பர் மூலக்கூறின் உறவுக்காரனுக்குள் அது ஏன் வந்து உட்கார்ந்திருக்கிறது என்று அரை மணி நேரமாவது யோசித்தீர்கள் என்றால், இந்தத் துறை உங்களை விடாது. பிறகு பென்சீனைப் போடுங்கள். ஆறுக்கு ஆறு. நேரடியாக விரித்தால் கை ஒடிந்துவிடும். சமச்சீரைப் பயன்படுத்தினால் கொஞ்ச நேரத்தில் முடியும். இரண்டிலும் உங்களுக்குச் சலிப்புதான் வந்தது என்றால் அதுவும் நல்ல தகவல்தான். கரிம வேதியியலோ பகுப்பாய்வு வேதியியலோ எடுத்து நன்றாக வரலாம்.

கணிதம் துணைப்பாடம் மட்டும் என்பது பெரிய குறை இல்லை. வகைக்கெழுச் சமன்பாடுகள், அணிகள், ஐகன் மதிப்புகள், கொஞ்சம் நிகழ்தகவு. எம்.எஸ்சி.க்குள் நுழைய இவ்வளவு போதும். குவாண்டம் வேதியியலுக்கும் இந்தக் கணக்குக்கும் ஐ.ஐ.டி.களும் ஐ.ஐ.எஸ்சி.யும் நடத்தும் என்.பி.டி.இ.எல். இணையப் பாடங்களின் காணொளிகள் இலவசமாக இருக்கின்றன. சிக்னல் இருக்கும் இடத்தில் இறக்கி வைத்துக்கொண்டு வீட்டில் பாருங்கள். அதோடு பைத்தானும் பழகுங்கள். கல்லூரியில் சொல்லித்தரவில்லை என்று காத்திருக்க வேண்டாம்.

இப்போது லேப்டாப். பழைய அரசு லேப்டாப் தாராளமாகப் போதும். அதில் லினக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். இந்தக் கணக்குகளைப் போடும் காசியன் என்ற புரோகிராமின் பெயரை எல்லோரும் சொல்வார்கள், அது காசு கொடுத்து வாங்க வேண்டியது. திருட்டு நகலைத் தொடாதீர்கள். ஓர்கா படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் இலவசம், பதிவு செய்தால் கிடைக்கும். சை4, எக்ஸ்டிபி இரண்டும் எல்லோருக்கும் இலவசம். மூலக்கூறை வரைய அவகாட்ரோ. முதல் வேலையாக மெத்தில் சாலிசிலேட்டையே வரையுங்கள். ஓ.எச். தொகுதியின் ஹைட்ரஜன், பக்கத்து எஸ்டரின் ஆக்சிஜனைப் பார்த்தபடி ஓர் அமைப்பு. அந்த ஹைட்ரஜனை எதிர்ப்பக்கம் திருப்பி இன்னோர் அமைப்பு. இரண்டின் ஆற்றலையும் கழித்துப் பாருங்கள். ஹைட்ரஜன் பிணைப்பின் விலை என்ன என்று கிட்டத்தட்டத் தெரியும். எக்ஸ்டிபியில் சில விநாடிகளில் முடியும். டி.எஃப்.டி.யில் கொஞ்ச நேரம் ஆகும், அதற்குள் டீ போட்டுக்கொண்டு வரலாம். ஐப்பசி மழையில் மரம் விழுந்து கரண்ட் போகும் நாட்களில் நீண்ட கணக்கைத் தொடங்காதீர்கள், பழைய பேட்டரி தாங்காது. பெரிய வேலை என்றால், இணையம் வழியாகக் கூகுளின் கம்ப்யூட்டரைப் பயன்படுத்த விடும் கூகுள் கோலாபில் ஓட்டலாம்.

எங்கே படிப்பது? முதலில் ஜாம் தேர்வு. ஐ.ஐ.டி.களின் எம்.எஸ்சி.க்கும் பெங்களூர் ஐ.ஐ.எஸ்சி.யின் ஒருங்கிணைந்த பிஎச்.டி.க்கும் அதுதான் வாசல். மூன்று மணி நேரம், 60 கேள்விகள், 100 மதிப்பெண். விண்ணப்பம் வழக்கமாகச் செப்டம்பர்–அக்டோபரில், தேர்வு பிப்ரவரியில். சில இடங்களில் பிளஸ் டூ வரையாவது கணிதம் படித்திருக்க வேண்டும் என்று கேட்பார்கள், விதியைப் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள். அடுத்தது மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட் முதுநிலைத் தேர்வு. ஹைதராபாத், புதுச்சேரி, திருவாரூர் ஆகியவை அதில் வரும். ஹைதராபாத்தில் தியரிக்கு நல்ல பெயர் உண்டு. இடஒதுக்கீடு உங்களுக்குப் பொருந்தும் என்றால் மத்திய அரசுப் படிவத்தில் சான்றிதழ் வேண்டும். மாநிலச் சான்றிதழைக் கொடுத்துவிட்டு கடைசி நேரத்தில் தாலுகா ஆபீசுக்கு ஓடுகிறவர்களை வருடா வருடம் பார்க்கிறேன்.

இரண்டும் கிடைக்கவில்லை, கோயம்புத்தூரில்தான் எம்.எஸ்சி. என்றாலும் கதவு மூடிவிடாது. எம்.எஸ்சி. முதலாண்டில் அறிவியல் அகாடமிகள் மூன்றும் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பித்து, இரண்டு மாதம் ஒரு தியரி குழுவில் உட்கார்ந்து வாருங்கள். எந்த ஊர் என்பதைவிட, இயற்பிய வேதியியலில் யார் இருக்கிறார்கள், புராஜெக்டை அவர்களிடம் செய்ய விடுவார்களா என்று விசாரியுங்கள். அங்கே படிக்கும் சீனியர்களிடம் கேட்டால் இணையதளத்தில் இல்லாததெல்லாம் தெரியவரும்.

இந்தப் பெயரிலேயே முதுநிலைப் பட்டம் வேண்டும் என்றால் ஐரோப்பாவில் உண்டு. மாட்ரிட் தன்னாட்சிப் பல்கலைக்கழகம் உட்படப் பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் இரண்டு வருட எராஸ்மஸ் முண்டஸ் படிப்பு அது. உதவித்தொகை கிடைத்தால் மட்டும் போங்கள். தேயிலைத் தோட்டத்தை அடகு வைத்துப் போக வேண்டிய படிப்பு அல்ல.

அப்பாவின் பேச்சுக்கு வருவோம். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, அதைத் தட்டிக்கழிக்காதீர்கள். தொழிற்சாலையில் கொழுந்துக்கு இந்த மாதம் என்ன விலை என்று தெரியாமலே வாழ்நாள் முழுவதும் இலை போட்டவருக்கு, மாதச் சம்பளம் என்பதன் அருமை நம்மைவிட நன்றாகத் தெரியும். அவருக்கு இரண்டு விஷயம் சொல்லுங்கள். அரசு மேல்நிலைப் பள்ளியில் முதுநிலை ஆசிரியர் பணிக்கு எம்.எஸ்சி.யும் வேண்டும், பி.எட்.டும் வேண்டும். ஆகவே இப்போது எம்.எஸ்சி. போவதால் டீச்சர் வேலை கைவிட்டுப் போகாது, பி.எட்.டைப் பிறகு முடித்துக்கொள்ளலாம். இரண்டாவது, எம்.எஸ்சி. முடித்து சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால், பிஎச்.டி. செய்யும்போது மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து 42,000. வீட்டு வாடகைப்படி தனி. படிக்கிற பெண் வீட்டிலிருந்து பணம் வாங்காமல் இருக்கலாம் என்பது அவருக்கு உடனே புரியும்.

வேலை நிலவரம் பற்றி இனிப்பு தடவிச் சொல்ல மாட்டேன். எம்.எஸ்சி.யோடு நிறுத்தினால் இந்தத் துறையின் பெயரில் வேலை குறைவு. பிஎச்.டி. முடித்தவர்களுக்கு ஹைதராபாத், பெங்களூர் மருந்து ஆராய்ச்சி நிறுவனங்களிலும், பேட்டரி, வினையூக்கி மாதிரியான பொருள் ஆராய்ச்சியிலும் இடம் இருக்கிறது. கல்லூரி ஆசிரியர் வேலையும் உண்டு, ஆனால் காத்திருக்க வேண்டும். பைத்தானும் புள்ளியியலும் கைவந்தவர்கள் தரவு அறிவியல் பக்கம் போய்விடுகிறார்கள். என் மாணவர்கள் சிலரே போயிருக்கிறார்கள், எனக்கு அதில் வருத்தம் இல்லை. 2024 வேதியியல் நோபலே புரதங்களைக் கணினியில் வடிவமைத்ததற்கும், செயற்கை நுண்ணறிவால் அவற்றின் அமைப்பைக் கணித்ததற்கும்தான் போனது. ‘இனிமேல் எல்லாம் ஏ.ஐ. செய்துவிடும், தியரி எதற்கு?’ என்று உங்களிடம் யாராவது சொல்வார்கள். அந்த ஏ.ஐ. எட்டுத் தசமத்தில் தப்பாகச் சொல்லும்போது, பிணைப்பு குட்டையாக இருக்கிறதே என்று எட்டிப் பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

ஜாம் தேர்வுக்குக் கோயம்புத்தூர் மையம் கிடைத்தால் முந்தின நாளே இறங்கி, தெரிந்தவர்கள் வீட்டில் தங்கிவிடுங்கள். விடியற்காலை முதல் பஸ்ஸை நம்பி, வளைவுகளில் வாந்தியும் எடுத்துக்கொண்டு, தேர்வறைக்குப் போன அனுபவம் எனக்கு உண்டு. அது வேண்டாம்.

அதற்கு முன்னால் அந்த இரண்டு கணக்கையும் போட்டுப் பார்த்து எழுதுங்கள். பியூட்டாடையீன் வந்துவிடும். பென்சீனில் எந்த வரியில் மாட்டிக்கொண்டீர்கள் என்று தாளைப் படம் எடுத்து அனுப்புங்கள். அடித்தல் திருத்தலோடு இருந்தால் நல்லது.